வீடியோ ஞாபகம் இருக்கு, பாட்டு ஞாபகம் இருக்கா? (ஓகே கோ, ரோபோ கண்ணாடி, மற்றும் சில புது ரிலீஸ்கள்)

#1 கேசட்காலம்
நேத்து ராத்திரி தூக்கம் வரல. அமெரிக்க ராக் பேண்ட் ஓகே கோவோட 'லவ்' வீடியோவ மறுபடி போட்டேன். 2025 ஏப்ரல்ல 'அண்ட் தி அட்ஜசன்ட் பாசிபிள்' ஆல்பத்தோட வந்ததே, அது. பூடாபெஸ்ட்ல எடுத்தது. ரோபோ கைகள்ல கண்ணாடியக் கட்டி ஆட விட்டு, ஒரு முகம் நூறு முகமாகி, நூறு முகம் ஒரு பூவா விரிஞ்சு... வாயத் திறந்துட்டுதான் பாத்தேன், பொய் சொல்லல.

முடிஞ்சதும் தண்ணி குடிக்க எழுந்து போனேன். அடுப்படியில நின்னுட்டு அந்தப் பாட்ட முணுமுணுக்கப் பாத்தா வாயில ஒண்ணும் வரல. ஒரு வரி கூட. நாலு நிமிஷம் முன்னாடி கேட்ட பாட்டு!

யோசிச்சுப் பாத்தா இந்த பேண்ட் விஷயத்துல எனக்கு எப்பவுமே இதுதான். 2006ல 8 ட்ரெட்மில்ல நாலு பேரு ஆடுனாங்களே, 'ஹியர் இட் கோஸ் அகெய்ன்', அத காலேஜ் லேப்ல சுத்தி நின்னு பாத்தோம். பாடகர் டேமியன் குலாஷோட அக்கா ட்ரிஷ் சீதான் நடனமும் டைரக்‌ஷனும். அவங்க வீட்லயே வச்சு எடுத்தது. 17வது டேக்தான் ஓகே ஆச்சு. அடுத்த வருஷம் கிராமி. இவ்வளவும் தெரியுது, மெட்டு மட்டும் மங்கலா இருக்கு. இது என் மண்டையோட கோளாறா, இல்ல வீடியோ பாட்ட முழுங்கிடுதா?

#2 மிளகாபஜ்ஜி
எங்க வீட்டு ட்ரெட்மில்ல துணி காயுது. அதுக்கும் ஒரு கிராமி போட்டு விடுங்க.

#3 சவுண்ட்செக்
கேசட் சார், கோளாறு உங்களிடம் இல்லை. நான் பல வருடமாகச் சொல்லி வருவதுதான்: இவர்கள் பாட்டு செய்யவில்லை, வித்தை காட்டுகிறார்கள். பாட்டு பின்னால் ஓடும் கொட்டு. சர்க்கஸில் கம்பி மேல் நடப்பவளுக்கு அடிக்கிறார்களே, அந்த மாதிரி.

அதுவும் யார் காசில் சர்க்கஸ் என்று பாருங்கள். ஒன்றை ஒன்று தட்டி ஓடும் அந்த 2010 இயந்திர வீடியோவுக்கு ஸ்டேட் ஃபார்ம் இன்ஷூரன்ஸ். பாலைவனத்தில் காரை ஓட்டி ஆயிரத்துக்கு மேற்பட்ட வாத்தியங்களை இடித்து வாசித்தார்களே, அதற்கு செவர்லே. ஜப்பானில் குடையோடு எடுத்ததில் ஹோண்டாவின் ஒற்றைச் சக்கர வண்டி. விமானத்துக்குள் மிதந்துகொண்டே எடுத்ததற்கு ரஷ்யாவின் எஸ்7 ஏர்லைன்ஸ். 'தி ஒன் மோமெண்ட்' உப்புக் கம்பெனி. 567 பிரிண்டர் வைத்து எடுத்தது பேப்பர் கம்பெனி. மளிகைக் கடை பில் மாதிரி இருக்கிறது.

பாட்டைக் கேட்க வைக்கிற வீடியோ வேண்டுமானால் 2002க்குப் போங்கள். கெமிக்கல் பிரதர்ஸ் இசைக்குழுவின் 'ஸ்டார் கிடார்', டைரக்டர் மிஷேல் கோந்த்ரி. ரயில் ஜன்னல் வழியே தெரிகிற காட்சி, அவ்வளவுதான். மனுஷன் இல்லை, ஆட்டம் இல்லை. ஆனால் ஒவ்வொரு கம்பம், தொட்டி, பாலம், எதிரே வரும் ரயில் பெட்டி எல்லாம் பாட்டில் ஒரு ஒலி. டிரம் அடிக்கிற இடத்தில் ஒரு கட்டடம் கடக்கும். அடுத்த அடிக்கு அதே கட்டடம் மறுபடி. ஆரஞ்சுப் பழம், ஃபோர்க், கேசட், புத்தகம் எல்லாம் தரையில் அடுக்கி அந்தத் தாளக்கட்டைத் திட்டம் போட்டார் கோந்த்ரி. முதல் தடவை பார்க்கும்போது ஒரு நிமிஷம் ஏதோ ரயில் பயணம் என்றே இருக்கும். பிறகு காது விழித்துக்கொள்ளும். அப்புறம் அந்தப் பாட்டை ரயில் இல்லாமல் உங்களால் கேட்கவே முடியாது. இதுதான் வீடியோ.

#4 கட்டிங்டேபிள்
சவுண்ட்செக் அண்ணாச்சி, 'ஸ்டார் கிடார்' பத்தி நீங்க சொன்னது அத்தனையும் சரி. ஆனா ஓகே கோவ சர்க்கஸ்னு ஒதுக்குறது சரியில்ல. நான் திருநெல்வேலியில கல்யாண வீடியோ எடிட் பண்றவன். டேபிள்ல உக்காந்து பாத்தா இவங்க வேலை வேற மாதிரி தெரியும்.

அந்த 2010 இயந்திரத்த எடுத்துக்குவோம். 'திஸ் டூ ஷால் பாஸ்'. லாஸ் ஏஞ்சலீஸ்ல எக்கோ பார்க் பக்கம் ஒரு கிடங்கு, ரெண்டு தளம். ஒரு பொம்ம லாரி டோமினோவத் தட்டும், அது ஒண்ணத் தட்டும், அது இன்னொண்ண உருட்டும், கடைசியில பெயிண்ட் பீரங்கி பேண்ட் மூஞ்சியிலயே வெடிக்கும். கட்டுனது சின் லேப்ஸ்னு ஒரு கூட்டம். அதோட தலைவர் ஆடம் சடவ்ஸ்கி டெட் (TED) மேடையில ஒரு பேச்சு குடுத்திருக்காரு, கண்டிப்பா பாருங்க. மொத்தம் 89 இடத்துல ஒண்ணு இன்னொண்ண இயக்குது. 85 டேக். அதுல கடைசி வர ஓடுனது மூணே மூணு. ரெண்டு பியானோவும் பத்து டிவியும் நொறுங்கிருக்கு.

எனக்குப் பிடிச்ச விஷயம் அந்தப் பேச்சுல வேற ஒண்ணு. இயந்திரத்துல சின்னச் சின்ன சாமானெல்லாம் ஆரம்பத்துல இருக்கும், பெரிய சாமானெல்லாம் கடைசியில. ஏன்? அழகுக்குன்னுதான் நானும் நெனச்சேன். இல்ல. சின்ன சாமான்தான் சொதப்பும். கோலி குண்டுக்குக் கொஞ்சம் தூசி பட்டாப் போதும், கொஞ்சம் சூடு கூடுனாப் போதும், நின்னுரும். பியானோ விழணும்னா விழுந்தே தீரும். சொதப்புற ஐட்டம் முதல்லயே சொதப்பிட்டா, திருப்பி அடுக்குற வேலை கம்மி. அதனால சின்னது முன்னாடி. ஆனா பாருங்க, பாட்டும் அதே மாதிரிதான் ஏறுது! மெதுவா ஆரம்பிச்சு கடைசியில எல்லாரும் சேந்து கத்துற மாதிரி. தூசிக்குப் பயந்து போட்ட வரிசை பாட்டோட வரிசையோட அப்படியே உக்காந்துருச்சு. நடுவுல அந்த இயந்திரமே கண்ணாடி டம்ளரத் தட்டி மெட்ட வாசிக்கும், அந்த இடத்துல நம்ம காது தானா மெட்டுக்குப் போகும். உங்க ரயில் ஜன்னல் வேலையும் அதுதானே அண்ணாச்சி?

#5 மிளகாபஜ்ஜி
85 டேக்... எங்க கல்யாணத்துல மாலை மாத்துறத 3 தடவ எடுத்ததுக்கே தாய்மாமா கோவிச்சுக்கிட்டுச் சாப்பிடாமப் போயிட்டாரு.

#6 சவுண்ட்செக்
//85 டேக்//
தம்பி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். டம்ளர் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'ஒரே டேக்' என்று உலகமே கொண்டாடிய அந்த வீடியோவில் நடுவில் திரைச்சீலை விலகும் இடத்தில் ஒரு வெட்டு இருக்கிறது. இரண்டு டேக்கை ஒட்டியிருக்கிறார்கள். பிறகு என்ன பெருமை?

#7 கட்டிங்டேபிள்
ஒட்டிருக்காங்கதான். அந்த ஒட்டக் கண்டுபிடிச்ச அன்னைக்கு எனக்கும் கொஞ்சம் ஏமாத்தமா இருந்துச்சு. அப்புறம் போயிருச்சு. ஏன்னா ஒட்டு எங்க வருதுங்கறதவிட, ஒட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் என்ன நடந்துச்சுங்கறதுதான் முக்கியம்.

'அப்சைட் டவுன் அண்ட் இன்சைட் அவுட்' (2016) பாருங்க. விமானத்துக்குள்ள எல்லாரும் மிதக்குறது. கயிறு இல்ல, கிராஃபிக்ஸ் இல்ல. ரஷ்ய விண்வெளி வீரர்களுக்குப் பயிற்சி குடுக்குற இல்யூஷின் விமானம். சாய்வா மேல ஏறி, அப்புறம் வளைஞ்சு இறங்கும். அந்த வளைவுல சுமார் 27 விநாடி எடையே இருக்காது. முடிஞ்சதும் ரெண்டு மடங்கு எடை அமுக்கும். அப்புறம் சில நிமிஷம் சமமாப் பறந்து திரும்ப ஏறணும். 27 விநாடியில மூணு நிமிஷப் பாட்ட எப்படி எடுப்பீங்க?

தொடர்ச்சியா எட்டு வளைவு, 45 நிமிஷம் ஒரே ஓட்டம், கேமரா நிக்கவே இல்ல. மிதக்காத நேரத்துல எல்லாரும் அந்தந்த இடத்துல அசையாம உக்காந்திருந்தாங்க. அந்த நிமிஷங்கள மட்டும் வெட்டி எடுத்துட்டாங்க. அதாவது ஒட்டு இருக்கு, ஆனா டேக் ஒண்ணுதான். இன்னொரு சிக்கல்: 27 விநாடியில பாட்டோட ஒரு பகுதி சரியா முடியணும். பாட்டுல அந்தப் பகுதி 21 விநாடிதான். அதனால பாட்ட மெதுவாக்கி விமானத்துல ஓட விட்டு, அந்த மெது வேகத்துக்கு வாயசைச்சு, அப்புறம் படத்த வேகமாக்கிட்டாங்க.

இது நம்ம ஊருக்குப் புதுசில்ல. சினிமா ஷூட்டிங்ல நாக்ரா டேப் ரெக்கார்டர்ல பாட்ட வேகமா ஓட விட்டு ஹீரோயின் கடகடன்னு வாயசைப்பாங்க, அப்புறம் ஸ்லோமோஷன்ல தலைமுடி பறக்கும்போது உதடு மட்டும் பாட்டோட சரியாப் பொருந்தும். நானே வெட்டிங் பாட்டுக்கு மாப்ளைய அப்படி வாயசைக்க வச்சிருக்கேன். ரிசல்ட் பத்திக் கேக்காதீங்க. இவங்க பண்ணது அதோட தலைகீழ். புவியீர்ப்பு குடுத்த நேரத்துக்குள்ள பாட்டு அளவெடுத்து உக்காரணும். மெட்டு தெரியாம இத ஒரு வளைவு கூட எடுக்க முடியாது.

(பயிற்சியும் சேத்து 21 தடவ பறந்திருக்காங்க. குழுவுல மொத்தம் 58 வாந்தியாம். எண்ணி வச்சிருக்காங்க, அதுதான் எனக்கு ஆச்சரியம்.)

#8 வெள்ளிக்கிழமை_ரிலீஸ்
கட்டிங்டேபிள், கலக்கிட்டீங்க. நான் வாரா வாரம் புதுசா வர்ற வீடியோ எல்லாத்தையும் பாக்குற ஆளு, அதனால கொஞ்சம் சமீபத்துக்கு வரேன்.

2024 மே மாசம் வாஷ்ட் அவுட்ங்கிற பாடகரோட 'தி ஹார்டஸ்ட் பார்ட்' வந்துச்சு. பால் ட்ரில்லோ டைரக்‌ஷன். எழுதிக் குடுத்தா வீடியோவா மாத்துற ஓபன் ஏஐ-யோட சோரா வச்சு முழுக்க உருவாக்குனது. கேமரா நிக்காம முன்னாடி போயிட்டே இருக்கும். பள்ளிக்கூடம், கார், கல்யாணம், குழந்தைன்னு ஒரு ஜோடியோட வாழ்க்கை முழுக்க கடந்து போகும். தொழில்நுட்பமா பாத்தா ஓகே கோ கனவுல கூட எடுக்க முடியாத ஒரே ஷாட். ஆனா எனக்கு ரெண்டாவது நிமிஷத்துல கை தானா மொபைல்ல வேற ஆப்புக்குப் போயிடுச்சு. அடுத்து என்ன வேணா வரலாம்னா, எதுக்குக் காத்திருக்கணும்? கோலி குண்டு நின்னுடுமோன்னு மனசு அடிச்சுக்குற அந்த பயம் இதுல இல்ல.

அதே வருஷம் ஜூலைல ஹனுமான்கைண்டோட 'பிக் டாக்ஸ்'. கேரளாவுல பொன்னானி. பிஜோய் ஷெட்டி டைரக்‌ஷன். நம்ம ஊர்த் திருவிழாவுலயும் பொருட்காட்சியிலயும் பாத்தோமே, மரணக்கிணறு, அதேதான். பலகைச் சுவர்ல பைக்கும் காரும் சுத்திட்டே ஏற, நடுவுல கீழ நின்னு அவர் ராப் பண்றாரு. ரோபோ கிடையாது, விமானம் கிடையாது. அந்த வண்டிக்காரங்க தினமும் செய்யுற வேலை அது. அமெரிக்காவோட பில்போர்டு ஹாட் 100 பட்டியல் வரைக்கும் போச்சு. அந்தப் பாட்டோட பேஸ் சத்தமும் பலகையில டயர் ஓடுற அதிர்வும் எனக்குப் பிரிச்சுச் சொல்லவே முடியல. கேசட் சார், இத ஒருதரம் பாத்துட்டு முணுமுணுத்துப் பாருங்க.

#9 பனங்கொட்டை
நான் கனடாவில இருந்து. வெள்ளிக்கிழமை அக்கா சொன்ன மரணக்கிணறைப் பாத்த உடன எனக்கு எங்கட மாயா அக்காதான் ஞாபகம் வந்தவா. அதுதான் பாட்டுக்காரி எம்.ஐ.ஏ., அவான்ர 'பேட் கேர்ள்ஸ்', 2012. ரொமேன் கவ்ராஸ் எடுத்தது, மொரோக்கோவில. கார் ரெண்டு சில்லில சரிஞ்சு ஓடேக்க, மேல் பக்கத்தில அவா சும்மா சாய்ஞ்சு கிடந்து நகத்தைப் பாப்பா. அங்கத்தைய பெடியள் ரோட்டில காட்டுற வித்தைதான் அது, ஸ்டூடியோ வித்தை இல்லை. அந்தப் பாட்டு எனக்கு நித்திரையிலயும் வரும். ஆனபடியால் வித்தை காட்டினால் பாட்டு மறந்துபோகும் எண்டது சரிவராது. பாட்டு நல்லா இருக்க வேணும், அவ்வளவுதான். ஓகே கோவின்ர பாட்டுகள் எனக்கு சுமார்தான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

#10 மிளகாபஜ்ஜி
கடைசியா ஒருத்தர் தைரியமா சொல்லிட்டாரு. மன்னிப்பெல்லாம் எதுக்குங்க, பாதி பேரு மனசுல அதான் இருக்கு.

அது சரி, ஓடுற ரயில் மேல ஆடுன 'தைய்யா தைய்யா'வ ஒருத்தரும் சொல்லலையே? ஊட்டி மலை ரயில், கயிறு கட்டிக்கிட்டு நிஜமாவே மேல ஏறி நின்னு ஆடுனது. 1998. பாட்டும் மறக்கல, ரயிலும் மறக்கல. கேஸ் முடிஞ்சுது, எல்லாரும் டீ குடிக்கப் போலாம்.

#11 சவுண்ட்செக்
பஜ்ஜி, அது சினிமாப் பாட்டு. படம் பார்ப்பதற்கு முன்பே கேசட்டில் நூறு தடவை கேட்டுவிட்டுத்தான் தியேட்டருக்குப் போனோம். காது முதலில், கண் பிறகு. ஓகே கோ விஷயத்தில் வரிசை தலைகீழ். கண்தான் முதலில் போகிறது. இதைத் தனியாக யோசிக்க வேண்டும், நான் கூட இப்போதுதான் யோசிக்கிறேன்.

பனங்கொட்டை சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் ஸ்பான்சர் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

#12 வெள்ளிக்கிழமை_ரிலீஸ்
சொல்றேன். ட்ரெட்மில் வீடியோ உலகம் பூரா பரவுனதே மத்தவங்க அத தங்களோட பிளாக்ல ஒட்டிக்கிட்டதாலதான். அப்புறம் பேண்டோட இசைக் கம்பெனி இஎம்ஐ, வெளித்தளங்கள்ல ஒட்டுறதத் தடுத்துடுச்சு, ஏன்னா யூட்யூப் தளத்துலயே பாத்தாதான் கம்பெனிக்குக் காசு. 2010 பிப்ரவரியில குலாஷ் நியூயார்க் டைம்ஸ்ல இதப் பத்தி எழுதுனாரு. தடை போட்டதும் அந்த வீடியோவப் பாக்குறவங்க ஒரு நாளைக்கு சுமார் 10,000ல இருந்து 1,000 சொச்சத்துக்கு இறங்கிடுச்சாம். ஆறு மாச ஸ்ட்ரீமிங்குக்கு பேண்ட் கணக்குல வரவு எவ்வளவு தெரியுமா? 27 டாலர் 77 சென்ட்.

அடுத்த மாசமே இயந்திர வீடியோ வந்துச்சு. கம்பெனிய விட்டு வெளிய வந்து பாராக்கடூட்னு சொந்தமா ஒரு இசைக் கம்பெனி ஆரம்பிச்சாங்க. 27 டாலருக்கு ஒரு பியானோ கூட உடைக்க முடியாதே சார். இன்ஷூரன்ஸ்காரங்க காசு குடுத்தாங்க, பதிலுக்கு ஒரு பொம்ம லாரில பேரு ஒட்டிக்கிட்டாங்க. நம்ம கோயில் டியூப்லைட்ல உபயதாரர் பேரு எழுதி பாதி வெளிச்சத்த மறைக்குறதவிட இது தேவலாம்.

#13 சவுண்ட்செக்
டியூப்லைட் உதாரணத்துக்கு மட்டும் சரணடைகிறேன். மற்றதற்கு இல்லை.

#14 கட்டிங்டேபிள்
ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போறேன், நாளைக்கு காலையில நாலரைக்கு முகூர்த்தம். 'தி ஒன் மோமெண்ட்' பாருங்க. நிஜத்துல நடந்தது 4.2 விநாடி. கிடார் வெடிக்குது, தர்பூசணி சிதறுது, பெயிண்ட் பலூன் உடையுது, மொத்தம் 318 சம்பவம். அத நாலு நிமிஷத்துக்கும் மேல இழுத்திருக்காங்க. எது எந்த மில்லி விநாடியில வெடிக்கணும்னு கணக்குத்தாள்ல எழுதி, கம்ப்யூட்டர் வச்சு வெடிச்சாங்க. மனுஷன் அந்த வேகத்துல வாயசைக்க முடியாதுல்ல? அதுக்குப் படப்புத்தகம், அதான் தாள் அடுக்க விரலால சரசரன்னு விட்டா படம் ஓடுமே, அத வச்சு உதட்ட ஓட்டிருக்காங்க. எடிட்டரா எனக்கு அந்த இடம் கண்ணு கலங்கும். சிரிக்காதீங்க.

#15 கேசட்காலம்
எல்லாருக்கும் நன்றி. ஒரு சின்ன சோதனை பண்ணேன், ரிப்போர்ட் இதோ.

காலையில பஸ்ல 'தி ஒன் மோமெண்ட்'ட திரைய அணைச்சுட்டு கேட்டேன். சேலத்துல ஏறி ஓமலூர் வர்றதுக்குள்ள நாலு தடவை. முதல் தடவை ஒண்ணும் ஒட்டல, பனங்கொட்டை சொன்ன மாதிரி சுமார்தான்னு பட்டுச்சு. ரெண்டாவது தடவை டிரம் ஒரு இடத்துல இறங்குச்சு, அங்க எனக்குத் தர்பூசணி தெரிஞ்சுது. கண்ண மூடியிருக்கேன், நல்லாவே தெரியுது. அதுக்கப்புறம் ஒவ்வொரு அடிக்கும் ஏதோ ஒண்ணு வெடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அப்ப அந்த மெட்டு எங்கயோ உள்ள போயி உக்காந்துதான் இருக்கு, எனக்குத்தான் அத வாயால எடுக்கத் தெரியல.

ஆனா 'லவ்'வுக்கும் இதே மாதிரி பண்ணிப் பாத்தேன். ஒண்ணும் வரல. கண்ணாடி கண்ணாடியாத்தான் இருந்துச்சு, சத்தம் சத்தமா இருந்துச்சு. அங்க ரோபோ கை ஒரே சீரா நகருது, எதுவும் உடையல, விழல. எங்க அடின்னு கண்ணுக்குத் தெரியல. அழகுல குறையில்ல. சவுண்ட்செக் சாரோட சர்க்கஸ் குற்றச்சாட்டு அந்த ஒரு வீடியோவுக்குப் பொருந்தும்னு இப்ப நினைக்கிறேன், மத்ததுக்கு இல்ல.

அதே ஆல்பத்துல 'எ ஸ்டோன் ஒன்லி ரோல்ஸ் டவுன்ஹில்' இருக்கே, 64 போன அடுக்கி அதுக்குள்ள ஓட விட்டது, அத இன்னும் சோதிக்கல. ராத்திரி பாக்கணும்.

#16 சவுண்ட்செக்
ஓமலூர் வரைக்கும் நான்கு தடவையா? சரி. நானும் நேற்று 'ஸ்டார் கிடார்' பார்த்துவிட்டு இயந்திர வீடியோவைப் பார்த்தேன். கோந்த்ரி ரயிலிலிருந்து தெரிந்த காட்சியை உண்மையாகவே படம் பிடித்துவிட்டு, அதைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டித்தான் அந்தக் கம்பங்களை நட்டார். நானோ திரைச்சீலையில் ஒரு வெட்டுக்காகக் கட்டிங்டேபிளிடம் சண்டை போட்டிருக்கிறேன். அந்தப் புள்ளியை வாபஸ் வாங்குகிறேன்.

#17 பனங்கொட்டை
அந்த இயந்திர வீடியோ எடுத்த ஜேம்ஸ் ஃப்ரொஸ்ட்தான் ரேடியோஹெட் பேண்டின்ர 'ஹவுஸ் ஒஃப் கார்ட்ஸ்'ஸும் எடுத்தவர், 2008ல. அதில கமராவே இல்லை, லேசர் வச்சு முகத்தை அளந்த புள்ளியள் மட்டும்தான். ஒரே ஆள், ஒரு பக்கம் பியானோ உடைக்கிறார், மற்றப் பக்கம் கமராவையே தூக்கி எறிஞ்சிட்டார். உங்கட சண்டைக்கு ரெண்டு பக்கமும் அவரே சாட்சி சொல்லுவார்.

#18 வெள்ளிக்கிழமை_ரிலீஸ்
கேசட் சார், அடுத்த சோதனைக்கு 'அப்செஷன்' போடுங்க, அந்த 567 பிரிண்டர். ஒண்ணு மட்டும், குவாலிட்டிய நல்லா ஏத்தி வச்சுப் பாருங்க. அத்தனை தாள்ல நிறம் மாறுற வேகத்துக்கு யூட்யூப்பால ஈடு குடுக்க முடியாம படம் கட்டம் கட்டமா உடைஞ்சு போகும். வீடியோ ஆரம்பத்துல அவங்களே அப்படி ஒரு எச்சரிக்கை போட்டிருக்காங்க.

#19 கேசட்காலம்
ஏத்தி வச்சுப் பாத்தேன். மூணாவது தடவை பாதியில இன்னைக்கு டேட்டா தீந்துபோச்சு. நின்ன இடத்துல குலாஷ் சுவத்துல சாஞ்சு நிக்கிறாரு, பின்னாடி பாதி சுவர் மஞ்சள், பாதி சுவர் பச்சை. இந்தத் தடவை மிச்சத்த வாயாலயே பாடிட்டேன். வரி எல்லாம் தப்பு.

#20 மிளகாபஜ்ஜி
ஆடியோ அனுப்புங்க. ட்ரெட்மில்ல இருந்து துணிய எடுத்துட்டேன்.